பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்? வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோனது. அதற்கப்புறம் வருகிற கடிதங்களில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டமான லினக்ஸ் பற்றிய கேள்விகள்தான் அதிகம். இந்த இதழுக்கு ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்திலிருந்து, தொண்டி தொடங்கி சாயல்குடி வரை, வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

கேள்வி: சார், வீட்டில் 2016-ல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் ஐ3 ஆறாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், தடைக்காலம் வேறு வருகிறது, இப்போது புதுசுக்கு வழியில்லை. பிள்ளைகள் ஒன்பதாவதும் பிளஸ் ஒன்னும் படிக்கிறார்கள். மகன் உபுண்டு போடலாம் என்கிறான், உள்ளூரிலேயே இருக்கிற கொழுந்தனார் லினக்ஸ் மின்ட் என்கிறார், யூடியூபில் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத்தான் போடுவது?
– தங்கச்சிமடம் வாசகி

பதில்: புதுசு வாங்காதீர்கள் சகோதரி. லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு பதிப்பு இருக்கிறது, அது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்திருக்கிறது. உங்களுடையது ஆறாம் தலைமுறை. அந்தப் பட்டியலில் இல்லையே தவிர கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. சில கடைகளில் அந்தச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுக்கிறார்கள், ஆனால் அப்படி ஏற்றியதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. பிள்ளைகள் தினமும் இணையத்தில் உட்காரும் கம்ப்யூட்டரை அந்த நிலையில் விட எனக்கு மனசு வராது. உடனே மாற்ற முடியாவிட்டால், விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அது அவகாசம்தான்.

சரி, ஏன் மின்ட்? லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கியது லினக்ஸ் கெர்னல், அதாவது அடியில் இருக்கும் இன்ஜின். அந்த இன்ஜினை வைத்து ஆளாளுக்குக் கட்டிய முழு வண்டிகள்தான் டிஸ்ட்ரோக்கள். 1993-ல் டெபியன் வந்தது. டெபியனை எடுத்து 2004-ல் உபுண்டு வந்தது. உபுண்டுவை எடுத்து 2006-ல் லினக்ஸ் மின்ட் வந்தது. ஆக உங்கள் மகனும் கொழுந்தனாரும் பேசுவது பெரிய சண்டையே இல்லை. இரண்டுக்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான், உபுண்டுவுக்கு எழுதிய வழிமுறை பெரும்பாலும் மின்ட்டிலும் அப்படியே வேலை செய்யும்.

வித்தியாசம் உட்காருகிற ஆளுக்குத்தான் தெரியும். உபுண்டுவில் ஐகான் வரிசை இடது ஓரத்தில் நிற்கும், ஸ்டார்ட் மெனு என்று நாம் பழகியது கிடையாது, ஒரு புரோகிராமைத் திறக்க வேண்டுமென்றால் முழுத் திரையும் மாறி ஐகான்களாகக் காட்டும். கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் விண்டோஸில் பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மின்ட்டில் கீழே இடது மூலையில் மெனு, கீழே வரிசையாகத் திறந்திருக்கிற ஜன்னல்கள், வலது மூலையில் மணி, வைஃபை, சவுண்ட். உங்கள் கை எங்கே போகுமோ அங்கேயே எல்லாம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் பழகிவிடுவார்கள், நீங்களும்தான்.

அப்புறம் 4 ஜிபி ராம் விஷயம். உபுண்டுவின் முழு டெஸ்க்டாப்புக்கு அது இறுக்கம்தான். ஃபயர்ஃபாக்ஸையும் ஸ்னாப் என்கிற தனிப் பொதியாகத்தான் உபுண்டு கொடுக்கிறது, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது முதல் தடவை திறக்க நேரமெடுக்கும். மின்ட் ஸ்னாப்பை ஒதுக்கிவிட்டு சாதாரணப் பொதியாகவே கொடுக்கிறது. மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள். மின்ட்டில் சினமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள் உண்டு, சினமன் அழகு, எக்ஸ்எஃப்சிஇ லேசு. 8 ஜிபி ராம் இருந்தால் சினமனே போடச் சொல்லியிருப்பேன். இப்போதுள்ள மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, அதாவது சின்னவர் பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை கவலையில்லை.

யூடியூபில் பார்த்த மற்றவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸோரின் நல்லதுதான், பார்க்க இன்னும் பளிச்சென்று இருக்கும், உபுண்டு வழி வந்ததுதான், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது என்றால் நான் தடுக்கமாட்டேன். ஃபெடோரா தரமானது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு, மொபைல் டேட்டாவில் ஓடும் வீட்டுக்கு அந்த ஓட்டம் தேவையில்லை. எல்லாவற்றையும் நாமே கையால் அமைக்க வேண்டிய ஆர்ச் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

ஆனால் இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது, உங்கள் கொழுந்தனார் அதே ஊரில் இருக்கிறார், அவருக்கு மின்ட் தெரியும் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிரிண்டர் ஓடவில்லை, திங்கட்கிழமை காலையில் பையன் புராஜெக்ட் கொடுக்க வேண்டும் என்றால் நடந்து வந்து பார்க்க ஒரு ஆள் இருக்க வேண்டும். அவர் உபுண்டு தெரிந்தவராக இருந்திருந்தால் நான் உபுண்டுவே போடச் சொல்லியிருப்பேன்.

கையில் கொஞ்சம் பணம் சேரும்போது இரண்டு செலவு செய்யுங்கள்: ஒரு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்), கூடவே இன்னொரு 4 ஜிபி ராம். ஆறாம் தலைமுறை போர்டுகளில் டிடிஆர்3 வகையும் வந்தது, டிடிஆர்4-உம் வந்தது, அதனால் பழைய ராமைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி அதே வகையைக் கேட்டு வாங்குங்கள். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் எஸ்எஸ்டி கொடுக்கும் வேகம் வேறு எதிலும் வராது, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் எஸ்எஸ்டிதான்.

கேள்வி: லினக்ஸ் போட்டால் பழைய போட்டோ எல்லாம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. டி டிரைவில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துவிட்டேன், சி டிரைவில் மட்டும் லினக்ஸ் போட்டால் போதும்தானே? இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்களே, அது எப்படி?
– மண்டபம் வாசகர்

பதில்: நல்லவேளை, போடுவதற்கு முன்னால் கேட்டீர்கள். டி டிரைவில் வைத்தது பத்திரம் இல்லை.

சி, டி, ஈ என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரே ஹார்ட் டிஸ்க்கைத் துண்டு போட்டதுதான். லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு கட்டத்தில் "டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு" என்று ஒரு வழி ஆங்கிலத்தில் காட்டும், பல நேரம் அதுதான் முதலிலேயே தேர்வாகி நிற்கும். அது சி டிரைவை மட்டும் அழிக்காது. முழு டிஸ்க்கையும், டி-யையும் ஈ-யையும் சேர்த்தே, துடைத்துவிடும். கல்யாண வீடியோ, காலமானவர்களின் போட்டோ, பழைய கணக்கு எல்லாம் இந்த ஒரு திரையில் போன வீடுகள் உண்டு, திரும்ப எடுக்கப் பெரும் செலவாகும், எடுக்க முடியாமலும் போகலாம். ஆகவே முதல் வேலை, வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு வெளியே, ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ காப்பி எடுப்பது. எடுத்த பின் அதை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து போட்டோவைத் திறந்து பார்ப்பது. காப்பி ஆகிவிட்டது என்று திரை சொன்னதை மட்டும் நம்பாதீர்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று. எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பீரோவில் வைத்துவிடுங்கள், ஈரம் படாமல் கவரில், சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு. புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் போடுங்கள். உங்கள் பழைய விண்டோஸ், போட்டோ, எல்லாமே தொடாமல் அங்கே இருக்கும், லினக்ஸ் ஒத்துவரவில்லை என்றால் கேபிளை மாற்றிச் செருகினால் பழையபடி விண்டோஸ். முதல் தடவை போடுகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்ப்பது நிஜம்தான், கட்டாயம் செய்ய வேண்டியதும் அதுதான். மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது முழு சிஸ்டமும் அடங்கிய ஒற்றை ஃபைலை, இறக்குங்கள், 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தினம் 2 ஜிபி பேக்கில் இருப்பவர்கள் பிரவுசரில் நேராக இறக்கினால் பாதியில் டேட்டா தீர்ந்து, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரலாம். அங்கேயே டாரென்ட் இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள், டாரென்ட் சாஃப்ட்வேர் வழியாக அதில் இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். உபுண்டு ஐஎஸ்ஓ இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, நம் ஊர் டேட்டாவுக்கு இதையும் யோசிக்க வேண்டும். இறக்கியதும் ஃபைல் கெடாமல் வந்ததா என்று தெரிந்துகொள்ள அந்தத் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதி கெட்ட ஃபைலால் வரும் பிரச்சினைகளை லினக்ஸ் மேல் போடுகிறவர்கள் அதிகம்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். ரூஃபஸ் அல்லது எட்சர் என்கிற சின்ன சாஃப்ட்வேர் வழியாக ஐஎஸ்ஓவை அதில் எழுத வேண்டும், வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து தொடங்காது. பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும், நீங்களாக இன்ஸ்டால் ஐகானை அழுத்தும்வரை உங்கள் டிஸ்க்கைத் தொடாது.

அங்கே என்ன பார்ப்பது? வால்பேப்பரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வைஃபை வருகிறதா, பாட்டு கேட்கிறதா, லேப்டாப் என்றால் வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, வீட்டு பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா. இத்தனையும் சரி என்றால் அந்த டிஸ்ட்ரோ உங்களுக்கானது. வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பென்டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை வரவில்லை என்றாலும் கைவிட வேண்டாம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும், இன்ஸ்டால் செய்த பின் அந்த இணையத்தை வைத்தே டிரைவர் மேனேஜரைத் திறந்து வைஃபைக்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் சாஃப்ட்வேரை, தேடிப் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும், டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது என்பவர்கள் விண்டோஸுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு, பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 100 ஜிபி போல இடம் ஒதுக்கிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். யுபிஎஸ் இல்லாத வீடு என்றால், கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் இன்ஸ்டால் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணே, அரசு கொடுத்த பழைய லேப்டாப். 2 ஜிபி ராம்தான். அக்கா படித்து முடித்த பின் லேப்டாப் சும்மா கிடக்கிறது. இதில் ஏதாவது ஓடுமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: ஓடும் தம்பி, ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 2 ஜிபியில் டைப் செய்யலாம், பிடிஎஃப் படிக்கலாம், பாட்டு கேட்கலாம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஜிகாம்ப்ரி என்ற கற்றல் விளையாட்டு, டக்ஸ் பெயின்ட் என்ற படம் வரையும் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கலாம். பிரவுசரில் இரண்டு மூன்று டேப் திறந்தாலே மூச்சு வாங்கும், அது லினக்ஸின் குறை இல்லை, இன்றைய இணையதளங்களே அவ்வளவு கனம். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது உபுண்டுவின் லேசான வகையான லுபுண்டு போட்டுப் பாருங்கள். பின்பக்க மூடியைத் திறந்து ராம் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து 4 ஜிபியாக்க முடிந்தால் அதே லேப்டாப் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள், பிராசஸர் 64-பிட்டா என்று. மின்ட்டின் முக்கியப் பதிப்பில் 20-லிருந்தே 32-பிட் கிடையாது, டெபியனும் 2025-ல் வந்த 13-ஆம் பதிப்போடு 32-பிட் கம்ப்யூட்டர்களில் நிறுவுவதை நிறுத்திவிட்டது. 32-பிட் என்றால் ஆன்டிஎக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, மிக லேசானது, தோற்றம் பழையகாலத்து மாதிரி இருந்தாலும் ஓடும்.

கேள்வி: கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு அடிப்பது பாமினியில், கணக்கு டேலியில், பிரிண்டர் கேனான் எல்பிபி 2900, அழைப்பிதழ் வேலைக்கு பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும். மூன்று கம்ப்யூட்டரையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாமா?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: மூன்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள் ஐயா. லினக்ஸ் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தில் உங்கள் பிழைப்பில் கைவைக்க முடியாது.

நீங்கள் சொன்ன பட்டியலில் டேலி விண்டோஸுக்கானது, பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் அப்படியே. ஒயின் என்ற சாஃப்ட்வேர் மூலம் சிலவற்றை லினக்ஸில் ஓட்ட முடியும் என்பார்கள், ஆனால் முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் பத்திரிகை அடிக்கிற கடையில் அந்தச் சோதனை வேண்டாம். அந்த கேனான் பிரிண்டர் இருக்கிறதே, நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் வருஷக்கணக்கில் சலிக்காமல் உழைக்கிற பிரிண்டர், அதில் சந்தேகமில்லை, ஆனால் அது கேப்ட் என்ற தனி முறையில் பேசுகிறது. லினக்ஸில் அதற்கு டிரைவர் போடுவது அனுபவசாலிகளையே அலுக்கவைக்கும் வேலை. இதுவே ஹெச்பி பிரிண்டர் என்றால் பெரும்பாலான மாடல்கள் ஹெச்பிலிப் என்ற லினக்ஸ் டிரைவர் வழியாகச் செருகியதும் ஓடும், எப்சனின் இங்க் டேங்க் வகைகளுக்கும் டிரைவர் இருக்கிறது. வீட்டுக்குப் புது பிரிண்டர் வாங்குகிறவர்களும் இதைக் கவனித்து வாங்குங்கள்.

பாமினி மட்டும்தான் என்றால் வழி உண்டு. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த ஃபான்ட்தான், அந்த ஃபான்ட் ஃபைலை லினக்ஸில் திறந்து இன்ஸ்டால் கொடுத்தால் பழைய மனுக்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் சாஃப்ட்வேரில் திறக்கும், பக்க அமைப்பு மட்டும் அங்கங்கே நகரும். ஆனால் அடிக்கும்போது வாக்கியத்தின் முதல் எழுத்தை லிப்ரே ஆபீஸ் தானாகப் பெரிய எழுத்தாக்கும், பாமினியில் பெரிய எழுத்துக்கு வேறு தமிழ் எழுத்து என்பதால் மனுவின் முதல் சொல்லே தப்பாகிப் போகும். ஆட்டோகரெக்ட் அமைப்புக்குள் போய் அதை முதலில் அணைக்க வேண்டும்.

என் யோசனை: டேலியும் டிசைனும் ஓடுகிற கம்ப்யூட்டர்களை விண்டோஸிலேயே வைத்திருங்கள், மைக்ரோசாஃப்ட் பட்டியலுக்குள் வருகிறதென்றால் விண்டோஸ் 11-க்கு ஏற்றுங்கள். ஆன்லைன் விண்ணப்பம் போடவும் வாடிக்கையாளர் பென்டிரைவைத் திறக்கவும் ஒரு கம்ப்யூட்டர் ஒதுக்கி அதில் மின்ட் போடுங்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எதையாவது அதில் செருகுவதாக இருந்தால் லினக்ஸுக்கு டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு அப்புறம்.

கேள்வி: லினக்ஸில் தமிழில் டைப் செய்ய முடியுமா? விண்டோஸில் தமிழ் டைப் செய்ய என்ஹெச்எம் ரைட்டர் வைத்திருந்தேன்.
– தேவிபட்டினம் வாசகி, ஆசிரியை

பதில்: தாராளமாக டீச்சர். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்று தேடி நிறுவுங்கள். அமைப்புகளில் இன்புட் மெத்தட் என்ற இடத்துக்குப் போய் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஃபோனெட்டிக், இன்ஸ்கிரிப்ட் என்று வகைகள் காட்டும், உங்களுக்குப் பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் தமிழ்99-ஐயே சொல்லிக்கொடுங்கள். இடது கைப் பக்கம் உயிரெழுத்து, வலது கைப் பக்கம் அடிக்கடி வரும் மெய்கள். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ஒரே எழுத்தை அடுத்தடுத்து அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் அடிக்கிற பழக்கமே வராது, இலக்கணம் படிக்கிற பிள்ளைக்கு அதுவே பாதிப் பாடம். சின்ன வயதிலேயே கையில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் போகாது.

மெனுக்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். எல்லாமே மொழிபெயர்ந்திருக்காது, பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக நிற்கும். தன்னார்வலர்கள் செய்கிற வேலை அது, உங்களைப் போன்ற ஆசிரியர்கள் கைகொடுத்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பீப் பீப் என்று சத்தம், திரையில் ஒன்றும் வருவதில்லை. வந்தாலும் தேதி தப்பாகக் காட்டி எந்தத் தளமும் திறக்க மாட்டேன் என்கிறது. லினக்ஸ் போட்டால் சரியாகுமா?
– பாம்பன் வாசகர்

பதில்: ஆகாது. இது உப்புக்காற்று வேலை. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் இருப்பது எப்படித் தப்பும்?

பீப் சத்தம் பெரும்பாலும் ராம். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ராமை ஓரத்தைப் பிடித்துக் கழற்றுங்கள். கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கிற பட்டைகள் மங்கிக் கறுத்திருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும், தூளை ஊதிவிடாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் டக்கென்று பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். தேதி பின்னால் போவது போர்டில் காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததால். அதை மாற்றி, பயாஸ் என்ற போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில் தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும். தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும், லினக்ஸிலும் அதே கதைதான்.

இதெல்லாம் சரியான பின் லினக்ஸ் போட நினைத்தால், மின்ட் பென்டிரைவில் பூட் செய்து டிஸ்க்ஸ் என்ற சாஃப்ட்வேரைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையை, பாருங்கள். டிஸ்க் சாகப்போகிறது என்று அது காட்டினால் அதில் எந்த சிஸ்டமும் போடாதீர்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். சைபர் செக்யூரிட்டி படிக்க ஆசை. பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காலி (Kali) லினக்ஸை நேராகப் போடலாமா?
– உச்சிப்புளி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று காலி லினக்ஸ்காரர்களே அவர்கள் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மின்ட்டோ டெபியனோ போட்டு, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ஃபைலை நகர்த்துவது, அனுமதிகள், நெட்வொர்க் எப்படி ஓடுகிறது, கொஞ்சம் பைத்தான் என்று ஒரு வருடம் பழகுங்கள். காலியில் இருக்கிற கருவிகள் பலவற்றை இதிலேயே நிறுவிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு வைஃபையில் சோதனை செய்வது சட்டப்படி குற்றம், உங்கள் சொந்த ரௌட்டரில் மட்டும் பழகுங்கள்.

கேள்வி: நம் நாட்டிலேயே செய்த பாஸ் லினக்ஸ் இருக்கும்போது ஏன் வெளிநாட்டுக்காரர்களுடையதைச் சொல்கிறீர்கள்?
– சாயல்குடி வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, 2007-லிருந்து இருக்கிறது, டெபியன் வழி வந்தது, இந்திய மொழிகளுக்குக் கவனம் கொடுத்துச் செய்தது. அலுவலகம், பள்ளி ஆய்வகம் போன்ற இடங்களில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் தாராளமாகப் போடலாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஒரு சந்தேகத்தை இணையத்தில் தேடிப் பார்க்கிறவருக்கு மின்ட், உபுண்டுவுக்குக் கிடைக்கிற அளவு பதில்கள் இதற்குக் கிடைப்பதில்லை. அதனால்தான்.

கேள்வி: ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தாலே பென்டிரைவில் ஃபைலுக்குப் பதில் ஷார்ட்கட்டாக வந்து நிற்கிறது. லினக்ஸில் இந்தத் தொல்லை உண்டா? ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?
– தொண்டி வாசகர்

பதில்: வீட்டு லினக்ஸுக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை. சாஃப்ட்வேரை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து மட்டும் போட்டு, அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். மின்ட் உங்களைக் கேட்காமல் அப்டேட் இறக்காது, நீங்களாகத்தான் வாரம் ஒருமுறை அப்டேட் மேனேஜரைத் திறந்து, டேட்டா மிச்சம் இருக்கிற நாளில், இறக்க வேண்டும்.

ஷார்ட்கட் வைரஸ் விண்டோஸுக்காக எழுதியது, லினக்ஸில் அது ஓடாது. உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த பென்டிரைவை மின்ட்டில் செருகுங்கள், அவை சாதாரணமாகவே தெரியும், சில நேரம் பெயரே இல்லாத மாதிரி ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். போட்டோ, டாக்குமென்ட், பிடிஎஃப் மட்டும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள், ஷார்ட்கட்டுகளையும் தெரியாத இஎக்ஸ்இ ஃபைல்களையும் எடுக்காதீர்கள். பிறகு பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து ஃபைல்களைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரு பிடிஎஃப்பை மட்டும் தனி பென்டிரைவில் கொண்டுபோங்கள்.